யார் பெயருக்கு முட்டை

சாவியைத் திருப்பியது நான்தான். காரை ஓட்டிப் பார்க்கவோ தள்ளிக்கொண்டு போகவோ அல்ல. ரேடியோ பேசுகிறதா என்று பார்க்க. அன்று எங்கள் ஊர் அணி கொட்டோக்கோவுக்கு ஆட்டம். பதினேழு வருடம் சுவருக்குப் பின்னால் கிடந்த பென்ஸில் கால்பந்து வர்ணனை கேட்கும் என்று நம்புகிற மூளை எனக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் யாரும் என்னிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

என் மச்சான் அடாய் முன்மூடியைத் தூக்கிவைத்து இன்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தார். பெட்ரோல் பம்பு கண்டபடி ஓடாமல் காவல் காக்கிற ரிலேயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் செருகியிருந்தார். குழாய்களைக் கழுவ அப்படித்தான் செய்ய வேண்டுமாம். சாவி கொஞ்சம் நகர்ந்தாலே பம்பு ஓடும், ஆகவே தொடாதே என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன்.

ரேடியோ பேசவில்லை. காருக்குப் பின்னால் ஏதோ பெரிய கொசு மாதிரி முனகியது. முன்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். காய்ந்து முறுகிப்போயிருந்த ரப்பர் குழாய் வாயைப் பிளந்து, பெட்ரோல் மச்சானின் முகத்தில் பீய்ச்சியடித்தது.

“அணைடா! டேய், அணைடா!”

நான் அணைத்தேன். ரேடியோவை. அப்புறம்தான் சாவி ஞாபகம் வந்தது.

அதற்குள் பெட்ரோல் முற்றத்துச் சரிவில் இறங்கி, வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் என் அக்கா செர்வாவின் வாக்கே கடை: அரிசியும் காராமணியும் சேர்த்து வேகிற பெரிய பானை, அதன் கீழே கனன்றுகொண்டிருக்கும் கரி அடுப்பு. ஹமட்டான் காற்று அடிக்கிற மாதம். உதடு வெடிக்கிற வறட்சி. ஒரு பொறி போதும். மெக்கானிக் ஷெட்டுகள் நெருங்கிக் கிடக்கிற சுவாமேயில் எங்கள் முற்றம் இருந்த இடத்தைக் கறுப்புத் தடமாகத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அக்கா ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள், ஒரு கணம் பெட்ரோலைப் பார்த்தாள். பானையைக் காலால் தள்ளிவிட்டு, நெருப்போடு அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள். போட்டுவிட்டுத் திரும்பி வந்து, காராமணி ஊறிக்கொண்டிருந்த தண்ணீரை வாளியோடு மச்சானின் முகத்தில் ஊற்றினாள். அவர் கண்ணைத் திறக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தார், தாடியெல்லாம் காராமணி.

“நெருப்புக்குத்தான் மொதல்ல ஓடுனேன்,” என்று அக்கா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். “புருஷன்கிட்ட ஓடல, நெருப்புக்கு ஓடுனேன்.” அவள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்ததை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மச்சானின் கண்ணைக் கழுவிக் கழுவி, இரண்டிலும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். “கட்டைப் பிரிக்கும்போது பார்ப்போம்,” என்றார் டாக்டர். அந்த வாரம் முழுவதும் யாரிடம் எதைக் கேட்டாலும் எனக்குக் கிடைத்த பதில் அந்த வகைதான்.

மறுநாள் காலை அக்கா உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போலக் கடையைப் போட்டாள். முதலில் வந்தவன் டயர் ஒட்டுகிற குவாபெனா.

“சோறு போடுக்கா. மீன் வை. முட்டை வேணாம்.”

“என்னடா, என்னிக்கும் ரெண்டு திம்ப?”

“வயிறு சரியில்ல.”

அடுத்து வந்தவளுக்கும் வயிறு சரியில்லை. அதற்கடுத்து வந்த டாக்ஸிக்காரருக்கும். உச்சிப் பொழுதுக்குள் சோறு தீர்ந்தது, மீன் தீர்ந்தது, அவித்த முட்டை மட்டும் தட்டு நிறைய அப்படியே உட்கார்ந்திருந்தது. சுவாமே முழுவதற்கும் ஒரே நாளில் வயிறு கெடாது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்தது.

எங்கள் ஊரில் ஓர் ஆறு இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டோம். அநியாயம் செய்யப்பட்டவன் அங்கே போய், தண்ணீரில் முட்டையைப் போட்டு, செய்தவன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். போட்டவனே போய்த் திருப்பி எடுத்தால் ஒழிய நிற்காது.

பட்டாளம் ஆட்சிக்கு வந்த சமயம், பென்ஸ் வைத்திருந்தவனெல்லாம் நாட்டைத் தின்றவன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். துணி வியாபாரம் செய்த என் தாய்மாமன் அம்போன்சா காரை ஷெட்டுக்குள் விட்டு, வாசலில் சுவர் எழுப்பிப் பூசிவிட்டார். செங்கல் அடுக்கியது அவர். சாந்து குழைத்தது என் அம்மா போமா, அவருடைய ஒரே தங்கை. அந்த மழைக்காலத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மாமா ஆற்றுக்கு ஒரு கூடை முட்டையோடு போனதாக அப்போதே ஒரு பேச்சு உண்டு. எந்தப் பட்டாளத்தானும் அந்தச் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காததற்கு அதுதான் காரணம் என்றும் உண்டு. இப்போது அந்தச் சுவரை இடித்த வீட்டு முட்டையைத் தொட ஊருக்கே பயம்.

“ரப்பர்தான் காரணம்,” என்றார் மச்சான், கட்டுக்குள்ளிருந்து. “பதினேழு வருசத்து ரப்பர். ஆறு வந்தா என் ஹோஸை ஒடைக்கும்? அதுக்கு வேற வேலை இல்ல?”

“மேஸ்திரி, வாயக் கழுவுங்க,” என்றாள் அக்கா. சுவாமேயில் மெக்கானிக்குகளை எல்லோரும் மேஸ்திரி என்பார்கள்; அவளும் அப்படித்தான், அன்பிலும் சண்டையிலும்.

“முட்டை போட்ட மனுசன் என்னை எதுக்குக் கூப்புடுவாரு? ‘சாகறதுக்குள்ள அந்த வண்டிச் சத்தத்த ஒரு தடவை கேக்கணும் அடாய்’னு அவர்தானே சொன்னாரு? அவரே வந்து சுவத்துல மொதல் அடி அடிச்சாரு.”

“கிழவருக்கு மறந்திருக்கும்.”

“இதெல்லாமா மறக்கும்?”

“மறக்கலைன்னா ஏன் சொல்ல மாட்டேங்கறாரு? போட்டேன்னும் சொல்லல, போடலைன்னும் சொல்லல. நான் கேட்டா, ‘சூப்புல உப்பு கொறச்சல்’ங்கறாரு.”

“அப்ப வண்டிய அப்படியே மூடிரலாம் மச்சான்,” என்றேன் நான், உதவி செய்வதாக நினைத்து. “இல்லைன்னா எல்லாரும் சொல்ற மாதிரி அந்தப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கருமத்தப் பிடுங்கிட்டு ஒரு கார்புரேட்டர் மாட்டிருங்க.”

மச்சான் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். “காலைல ரெண்டு பேரு என் ஷெட்ல நின்ன வண்டியத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. என்னால இல்லியாம், அவசரமாம். பாதி திறந்த வண்டிய நான் மூடினா, ஆறு அடாயோட கண்ண மூடிருச்சும்பான். அப்புறம் ஆறு ஒக்காந்த மேஸ்திரிகிட்ட எவன் வண்டி விடுவான்? இது ஓடணும். எப்படி இருந்துச்சோ அப்படியே ஓடணும். ஓடுனப்புறம் நான் உசுரோட எறங்கி வர்றத எல்லாரும் பாக்கணும்.”

“எறங்கி வரலைன்னா?” என்றாள் அக்கா.

கடைசியில் அவளே ஒரு வழிக்கு வந்தாள். வேலை நடக்கட்டும். ஆனால் முட்டை யார் பெயருக்கு என்று கிழவர் வாயிலிருந்து வராமல் சாவி மட்டும் திரும்பாது. சாவியை உருவித் தன் இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். கேட்டுச் சொல்ல வேண்டியவன் நான். எங்கள் பக்கம் சொத்து மகனுக்குப் போகாது, மருமகனுக்குத்தான், அதாவது தங்கை மகனுக்குத்தான், போகும். அந்த மருமகன் நான், யாவ். மாமாவிடம் வாய் கொடுக்க எனக்குத்தான் உரிமையாம். இவ்வளவு காலத்தில் அந்த உரிமையால் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வேலை.

மாமா வேப்பமரத்தடியில், கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, அந்தக் காலத்துல ஆத்துக்குப் போனீங்களா?”

“எந்த ஆத்துக்கு?”

“பேரு சொல்லக் கூடாத ஆத்துக்கு.”

“பேரச் சொல்லாம எந்த ஆறுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

“முட்டை போட்டீங்களா மாமா?”

“நான் என்ன கோழியா?”

என்னைப் போன்ற பழைய சட்டை வியாபாரிக்கு இதற்கு மேல் குறுக்கு விசாரணை வராது. திரும்பி வந்துவிட்டேன். அக்கா அன்று சாயங்காலம் மாமாவுக்கு, அவித்த கிழங்கை இடித்துச் செய்கிற ஃபுஃபுவை அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. அவர் அவள் இடித்த ஃபுஃபுவைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். ரொட்டியைத் தேநீரில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்திருந்தார். உப்பு குறைந்தால் தெருவே கேட்கக் கத்துகிற மனுஷன், சோறே வராதபோது ஏன் என்று கேட்கவில்லை.

வேலையை மச்சான் சொல்லச் சொல்ல நான் செய்தேன். என் கைகள் எப்படிப்பட்டவை என்றால், கழுத்துப் பொத்தானைப் போட்டால் கீழே ஒரு துளை மிச்சம் நிற்கும். அந்தக் கைகளைத்தான் அவர் நம்ப வேண்டியிருந்தது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றினோம். வார்னிஷ் வாடை அடிக்கிற பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அதைத்தான் ஒரு காலத்தில் பெட்ரோல் என்றோமாம். உள்ளே கூழாங்கல்லும் பழைய சங்கிலியும் போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினோம். துரு செம்மண் குழம்பாக வந்தது. ரப்பர் குழாய் ஒன்றுவிடாமல் மாற்றினோம். ஒவ்வொன்றையும் மச்சான் வளைத்து, முகர்ந்து, நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் மாட்டவிட்டார்.

அப்புறம் சிலந்தி. பெட்ரோலை ஆறு நாசிலுக்கும் பங்கு வைக்கிற இரும்புத் தலையை சுவாமேயில் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு குழாயும் ஆறு காலாகக் கிளம்பும். நடுவில் சுண்டுவிரல் மாதிரி ஒரு ஊசித் தண்டு. அது மேலும் கீழும் வழுக்கினால்தான் வண்டிக்கு உயிர். எங்களுடையது பழைய பெட்ரோல் பிசினில் ஒட்டிப்போய்ச் செத்த மாதிரி நின்றது.

“தட்டாத. நெம்பாத. கிளீனர ஊத்திட்டு ஒக்காரு.”

“எவ்வளவு நேரம் மச்சான்?”

“அது மனசு மாறுற வரைக்கும்.”

ஊற்றினோம், உட்கார்ந்தோம், மறுபடி ஊற்றினோம். அடுத்த நாள் மச்சான் அந்த இரும்புத் தலையைக் கையில் வாங்கி, கட்டுப்போட்ட முகத்துக்கு நேரே பிடித்து, கட்டை விரலால் மெல்ல அழுத்தினார்.

“யாவ், கீழ ரெண்டு கையையும் ஏந்து. இது நழுவி விழுந்து ஒரு கீறல் விழுந்துச்சுன்னா வேற ஊசி எந்த ஊர்லயும் கெடைக்காது. சட்டை விக்கறவன்தானே, சட்டையவாவது விரி.”

என் சட்டையை விரித்தேன். ஊசி ஒரு கணம் யோசித்துவிட்டு, நழுவி, என் வயிற்றுப் பக்கம் வந்து விழுந்தது. மச்சான் அதைத் தேடி எடுத்து உதட்டில் உருட்டிப் பார்த்தார். கீறல் இல்லை.

“கட்டு இல்லைன்னா இத ஒன்கிட்ட குடுத்திருக்கவே மாட்டேன்,” என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

நாசில்களைச் சோதிக்கிற நாள் முற்றத்துக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. சாவியைத் தொடக் கூடாது; ஆகவே பேட்டரியிலிருந்து பம்புக்கு நேராகக் கம்பி. சாவி இல்லாமல் பம்பு ஓடினால் அது ஆற்றின் கணக்கில் சேருமா சேராதா என்று வெளியே வாதம்.

“சாவி திரும்புனாத்தான் வண்டி எடுத்த மாதிரி.”

“ஆத்துக்கு ஒயரிங் தெரியுமாக்கும்?”

“தெரியாததாலதான் சொல்றேன். எதுக்கும் தள்ளி நில்லு.”

அக்கா எல்லா அடுப்பையும் அணைத்து, ஒன்றுக்கு இரண்டு வாளி மணலோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பெட்ரோலைவிட அவள் மூச்சு சூடாக என் கழுத்தில் அடித்தது. ஆறு நாசிலையும் ஆறு காலி மால்ட்டா பானப் பாட்டிலுக்குள் விட்டு, கம்பியைத் தொட்டேன். பம்பு முனகியது. மச்சான் காற்றுத் தட்டை விரலால் மெல்லத் தூக்கினார். பாட்டில்களுக்குள் பனி மாதிரி பெட்ரோல் விரிந்தது.

மச்சான் தலையைச் சாய்த்துக் கேட்டார். “நல்ல நாசில் கீச்சுன்னு பேசும். அஞ்சு பேசுது. ஒண்ணு வாயத் தொறக்கல. எது?”

நாலாவது. பாட்டிலில் பார்த்தேன், விரியவில்லை, குழந்தை எச்சில் மாதிரி ஒழுகியது. அதைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டினோம். மூன்றாம் தடவைக்கு அதுவும் பேசியது. ஆறு பாட்டிலிலும் ஒரே மட்டம். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். வண்டி சரியாகச் சரியாக, சாவியின் முறை நெருங்குகிறதே என்ற அழுகை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வலது கண் தெரிந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும். டாக்டர், “போகப் போகப் பார்ப்போம்,” என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் மச்சான் டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். ரப்பர் என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவேயில்லை. வந்ததும் செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரிலேயை அதன் இடத்தில் மாட்டி, புதிய பேட்டரியை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் நீட்டினார்.

“சாவி.”

“பேரு வரட்டும்.”

“செர்வா, எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றார் மச்சான் சன்னமாக. “பயத்தோட ஒக்காந்திருக்க முடியல. பாதிக் கண்ணு போச்சு. மீதி எப்பப் போகும்னு காத்துக்கிட்டு எப்படி ஒக்காருவேன்? குடு. நடக்கறது நடக்கட்டும்.”

அக்கா முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டாள். கொப்புளம் உடைந்த கை. அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் கதவோரம் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்கிற சத்தம் கேட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். “யாவ், ஃபுஃபு இடிச்சு வெச்சிருக்கேன். ஆட்டுக்கறிச் சூப்பு. கொண்டு போ. பதில் சொன்னாத்தான் கிண்ணம்.”

கொண்டுபோனேன். பதில் சொன்னால்தான் கிண்ணம் என்பது எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் பட்டினி கிடந்த கிழவர் முன்னால் சூப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உறுதி எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கிண்ணத்தை வைத்து, கை கழுவத் தண்ணீரும் வைத்தேன். மாமா கையைக் கழுவினார். கிண்ணத்தில் கை வைக்கவில்லை. ஈரக் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஷெட்டையே பார்த்தார்.

“தயாராயிருச்சா?”

“தயாரு. சாவி திரும்பறதுதான் பாக்கி.”

“நாலாவது நாசில் அப்பவே மக்கர் பண்ணும்,” என்றார். “ஒரு தடவை நான் துணி எடுக்க...”

“மாமா,” என்றேன். “நாசில் கதை வேணாம். கோழிக் கதையும் வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் எப்போதும் போலச் சிரிக்கிறேனா என்று தேடியிருப்பார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான் யோசிச்சுப் பாத்துட்டேன் மாமா. ஒங்க சொத்து எனக்கு வரணும். ஒங்களுக்குப் பட்டாளத்தவிட வீட்டாளுங்க மேலதான் பயம் இருந்திருக்கும். மொதல்ல சாவியத் திருப்புனவனும் நான்தான். என் பேருக்குத்தான் போட்டீங்கன்னா சொல்லிருங்க. கோவிக்க மாட்டேன். ஆறு கொஞ்சம் குறி தவறி மச்சான் மேல பட்டிருச்சுன்னு வெச்சுக்குவோம். நான் போய் வண்டியில ஒக்காந்து சாவியத் திருப்பறேன், எனக்கு வந்தது எனக்கே வரட்டும். அவருக்கு மூணு புள்ளைங்க. எனக்கு மூட்டை மூட்டையாப் பழைய சட்டைதான். ஒத்த வார்த்தை போதும். என் பேரா?”

காற்று செம்மண்ணைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவே போட்டது. சூப்பின் மேல் தூசி படிந்தது. மாமா அதைப் பார்த்தார், மூடவில்லை. குரல் வந்தபோது அதில் கிண்டல் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. அவருடைய குரல் மாதிரியே இல்லை.

“போட்டேன்டா. ஒன் பேரு இல்ல. ஒங்க அம்மா பேரு. பட்டாளத்தான் போமாவக் கூட்டிட்டுப் போயி ஒரு நாள் வெச்சிருந்துட்டு, ஒரு கீறல் இல்லாம அனுப்புனான். அவ சுவத்தக் காட்டிக் குடுத்துட்டு வந்துட்டாளோன்னு நெனச்சேன். அன்னிக்கே போய்ப் போட்டேன். அவனுங்க வரவேயில்ல யாவ். அவ அவனுங்ககிட்டச் சொல்லவேயில்ல. திருப்பி எடுக்கலாம்னு கெளம்பறதுக்குள்ள அவளுக்குக் காய்ச்சல் கண்டிருச்சு. போ, அடாய்கிட்டச் சொல்லு, பயப்படாம சாவியத் திருப்பட்டும். அது தேடுன ஆளு எப்பவோ கெடைச்சாச்சு.”